பச்சை உடம்பும் ஆறும் தையலும்: சிசேரியன் ஆன வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளை பெற்றவளைக் கவனிப்பதில் நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்குக் குறை சொல்ல முடியாது. காரைக்குடியோ தேவகோட்டையோ, பள்ளத்தூரோ புதுவயலோ, மகள் பேறுகாலம் முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டால் ஆத்தா அவளை ஒரு துரும்பு எடுக்க விடமாட்டார். மருந்து இடிப்பார்கள், வெந்நீர் போடுவார்கள், வயிற்றைக் கட்டுவார்கள், பத்தியம் வைப்பார்கள். ஆனால் இந்த முறைகள் எல்லாம் சுகப்பிரசவத்தை மனதில் வைத்து உண்டானவை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன். நாடு முழுவதற்கும் அது 21.5தான். அப்படியென்றால் இன்று பிள்ளை பிறந்த வீடுகளில் ஏறக்குறைய பாதி வீட்டில் படுத்திருக்கிற பச்சை உடம்புக்காரி, பெரிய ஆபரேஷன் முடிந்து வந்தவளும்கூட. பழைய முறைகளில் சிலவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். சிலவற்றைத் தள்ளிப்போட வேண்டும். சிலவற்றை விட்டுவிட வேண்டும். எது எது என்று தெரியாமல் மாமியாரும் ஆத்தாவும் ஆளுக்கொன்று சொல்ல, நடுவில் அந்தப் பெண் தவிப்பதை நிறையப் பார்க்கிறேன். முதல் தடவை சிசேரியன் ஆனவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

வெளியே தெரிவது ஒரு கோடுதான். அடிவயிற்றின் கீழ்மடிப்புக்குப் பக்கத்தில் குறுக்காக, 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருக்கும். அவசரத்திலோ வேறு காரணத்தாலோ சிலருக்கு மட்டும் தொப்புளுக்குக் கீழே நெடுக்காகப் போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு அடியில் தோல், கொழுப்பு, கெட்டியான தசை உறை, வயிற்றறைச் சவ்வு, அதற்கும் உள்ளே கர்ப்பப்பை என்று அடுக்கடுக்காகத் திறந்திருக்கிறார்கள். வயிற்றுத் தசையைப் பொதுவாக அறுப்பதில்லை, நடுவில் விலக்கித்தான் உள்ளே போவார்கள். வெளித்தோல் ஒரு வாரம் பத்து நாளில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மூன்றாவது வாரத்தில்கூட அந்த இடத்துக்குப் பழைய பலத்தில் 20, 30 சதவீதம்தான் வந்திருக்கும். மூன்று மாதம் ஆனாலும் 80 சதவீதத்தைத் தாண்டாது. “மேலே காஞ்சுருச்சுல்ல, எந்திரிச்சு வேலையப் பாரு” என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே

சிறுநீர் போக மாட்டியிருந்த குழாயை எடுத்ததும் நடக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிடுவார்கள். வலிக்கும், பயமாக இருக்கும், தையல் பிரிந்துவிடுமோ என்று தோன்றும். பிரியாது. எழுந்து நடக்காமல் படுத்தே கிடந்தால்தான் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. வயிற்றில் வாயு கட்டி உப்புவதும் நடந்தால்தான் குறையும்.

எழுந்திருக்கும் முறையை அங்கேயே பழகிக்கொள்ளுங்கள். இதை ஒழுங்காகப் பழகியவர்களுக்கு முதல் இரண்டு வாரம் பாதி வேதனை குறைந்துவிடுகிறது.

1. மல்லாந்த நிலையிலிருந்து நேராக நிமிர்ந்து எழாதீர்கள். இரண்டு முழங்காலையும் மடக்குங்கள்.
2. தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும்படி பக்கவாட்டில் ஒருக்களியுங்கள்.
3. கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள்.
4. கீழ்க்கையின் முழங்கையையும் மேல்கையின் உள்ளங்கையையும் ஊன்றி, கைப்பலத்தில் எழுந்து உட்காருங்கள். வயிறு வேலை செய்யக் கூடாது.
5. ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகு நில்லுங்கள். முதல் தடவை பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும்.

படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். இருமல், தும்மல், சிரிப்பு வரும்போது சின்னத் தலையணை ஒன்றையோ மடித்த துண்டையோ தையல் மேல் வைத்து இரண்டு கையாலும் மெதுவாக அணைத்துப் பிடியுங்கள். அந்தத் தலையணை இன்னும் ஒரு மாதத்துக்கு உங்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும்.

வலி மாத்திரை பாலில் இறங்கிப் பிள்ளைக்குப் போய்விடும் என்று சொல்லி அதைச் சாப்பிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் பாராசிட்டமால், இபுபுரோபன் போன்றவை பாலில் மிகக் கொஞ்சமாகத்தான் கலக்கும். பால் கொடுக்கலாம். வலி தாங்க முடியாத பிறகு போடுவதைவிட, எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போட்டுக்கொள்வது நல்லது. வலி அடங்கியிருந்தால்தான் நடப்பீர்கள், ஆழமாக மூச்சு விடுவீர்கள், பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுப்பீர்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வேறு மாத்திரை மட்டும் வாங்க வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆகியிருந்தால் ‘எப்போது விடுவார்கள்’ என்று அவசரப்படாதீர்கள். 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் சிசேரியன் ஆனவர்களுக்கு 7 நாள் வரை தங்கலும் உணவும், வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் வண்டியும் இலவசம். அந்த நாட்கள் தையல் ஆறுவதற்கு உண்டானவை.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்டு, யாராவது ஒருவர் போனில் குறித்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. தையல் தானாகக் கரைகிற நூலா, பிரிக்க வேண்டியதா, அல்லது ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறார்களா? பிரிக்க வேண்டும் என்றால் எந்தத் தேதி? (குறுக்குத் தையல் என்றால் பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டி வரச் சொல்வார்கள். நெடுக்குத் தையல், சர்க்கரை நோய், பருத்த உடம்பு என்றால் சில நாள் கூடலாம்.) மேலே ஒட்டியிருக்கும் கட்டை எப்போது எடுக்கலாம், அது தண்ணீர் பட்டால் தாங்குமா? ராத்திரியில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

வீட்டைத் தயார் செய்வது

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது பைக் வேண்டவே வேண்டாம். காரோ வேனோதான். கல்லல் பக்கமோ வேறு கிராமத்துச் சாலையோ, குலுங்குகிற இடத்தில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். தலையணையை வயிற்றில் வைத்துக்கொண்டு, சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை தையலுக்கும் கீழே, இடுப்பெலும்பின் மேல் வரும்படி போட்டுக்கொள்ளுங்கள்.

நம் பழைய வீடுகள் பார்க்க அழகு, தையல் போட்டவளுக்குக் கஷ்டம். முகப்புப் படி ஏறி, நிலைப்படி தாண்டி, பட்டாலைக் கூடம், வளவு என்கிற நடுமுற்றம் கடந்து, குளியலறைக்கு இரண்டாங்கட்டின் கோடி வரை போக வேண்டிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த நடை வேண்டாம். குளியலறைக்கும் கழிப்பறைக்கும் பக்கத்தில், தரைத்தளத்தில் ஓர் அறையை ஒதுக்குங்கள். ‘அந்த அறை இருட்டு, இது ராசியான அறை’ என்ற பேச்சைக் கொஞ்ச நாள் ஒத்திவைக்கலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரம் இருந்தால் வழுக்கும். குளித்துவிட்டு வரும் வழியில் தேங்காய்நார் மிதியடி ஒன்று போட்டுவைக்க வேண்டும்.

படுக்கை எங்கே என்பதும் முக்கியம். பாய் விரித்துத் தரையில் படுக்க வைத்தால் ஒவ்வொரு தடவை எழும்போதும் வயிறு இழுபடும். தாத்தா காலத்துத் தேக்குக் கட்டிலோ ஏறி இறங்க முடியாத உயரம். உட்கார்ந்தால் பாதம் தரையில் படிகிற உயரத்தில் ஒரு சாதாரணக் கட்டில் போதும். பிள்ளைக்குத் தொட்டில் கட்டும்போது வழக்கத்தைவிட உயர்த்தி, அம்மாவின் இடுப்பு மட்டத்துக்குக் கட்டுங்கள். குனிந்து எடுக்கிற ஒவ்வொரு தடவையும் தையலுக்குத் தெரியும். குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறைதான் இருக்கிறது என்றால், நடுவில் துளை உள்ள கமோடு நாற்காலி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. ஒரு மாதத்துக்கு அது இருந்தால் பெரிய உதவி.

தினமும் தையலைப் பார்த்துக்கொள்வது

கட்டை எடுத்து, குளிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு செய்ய வேண்டியது மிகக் குறைவு. அதிகமாகச் செய்து கெடுப்பதுதான் நடக்கிறது.

1. முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். தையலைத் தொடுகிற எவரும், உங்கள் ஆத்தாவே ஆனாலும், கழுவித்தான் தொட வேண்டும்.
2. கோப்பையால் வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து வழியவிடுங்கள். வழக்கமாகப் போடும் சோப்பின் நுரை மேலிருந்து ஓடினால் போதும். தேய்க்காதீர்கள், நார் போடாதீர்கள்.
3. இதற்கென்று தனியாக வைத்த, வெயிலில் காய்ந்த சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.
4. பிறகு ஐந்து பத்து நிமிடம் காற்றாடிக்கு நேரே மல்லாந்து படுத்து, அந்த இடம் முழுக்க உலரட்டும்.
5. ஒரு கைக்கண்ணாடி வைத்துக் கோடு முழுவதையும் பாருங்கள். வயிறு தொங்கி மறைத்தால், கணவரோ அம்மாவோ பார்த்துச் சொல்லட்டும். நேற்றுக்கு இன்று எப்படி இருக்கிறது என்று ஒப்பிட, தினமும் ஒரே வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்ல வழி. மருத்துவரிடம் காட்டவும் உதவும்.

இவ்வளவுதான். டெட்டால், சாவ்லான், புண் பவுடர், மஞ்சள், தேங்காயெண்ணெய், வசம்புச் சாம்பல், முகப்பவுடர் எதுவும் ஆறாத தையலில் வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பு இருந்தால் அதை மட்டும் போடுங்கள். மஞ்சள் பூசிக் குளிக்கிற வழக்கம் இருந்தால் முகத்துக்கும் கைகாலுக்கும் பூசிக்கொள்ளலாம். வயிற்றுப் பக்கம் தையல் முழுக்க மூடிய பிறகுதான். காய்ந்த பொருக்கைப் பிய்க்காதீர்கள், நூல் நுனி தெரிந்தால் இழுக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். சித்திரை, வைகாசியில் பிள்ளை பெற்றவர்களுக்கு, அதிலும் அடிவயிறு மடிந்து தையல் மேல் விழுகிற உடம்புக்காரர்களுக்கு, மடிப்புக்குள் வியர்வை தங்கி ஊறிப்போகும். புண் கெடுகிற முக்கியமான காரணங்களில் இது ஒன்று. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை மடிப்பைத் தூக்கி ஒற்றி, காற்றுக்குக் காட்டுங்கள். மென்மையான வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து மடிப்புக்கு நடுவில் வைத்து, நனைந்ததும் மாற்றலாம். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று கதவு, சன்னல் எல்லாம் சாத்தி, காற்றாடியும் போடாமல் வைத்திருக்கிற வீட்டில் தையல் உலர வழியே இல்லை.

ஊரணியிலோ குளத்திலோ இறங்கிக் குளிப்பது, தொட்டியில் உட்கார்ந்து ஊறுவது இரண்டும் தையல் ஆறி, உதிரப்போக்கு நிற்கும் வரை கூடாது. ஆறு வாரக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். சிசேரியன் ஆனவர்களுக்கும் உதிரம் நான்கு முதல் ஆறு வாரம் போகும். நாப்கினை அடிக்கடி மாற்றுங்கள்.

உடுத்துவது

நைட்டி போட்டுக்கொள்வதுதான் முதல் சில வாரத்துக்குச் சரி. சேலை கட்டியாக வேண்டும் என்றால் பாவாடை நாடாவைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டுங்கள். இடுப்பில் வழக்கமாகக் கட்டும் இடத்தில் இறுக்கினால் நாடா நேராகத் தையலில் உரசும். உள்ளாடையும் தொப்புள் வரை ஏறுகிற பருத்தி உள்ளாடையாக, வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். இடுப்பு எலாஸ்டிக் தையலின் மேல் உட்காரக் கூடாது.

வெந்நீர், வயிறு கட்டு, எண்ணெய், சாம்பிராணி

வீட்டில் சண்டை வருவது இந்த இடத்தில்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

சுகப்பிரசவத்தில் இடுப்புக்கும் வயிற்றுக்கும் வேப்பிலை போட்டுக் கொதித்த வெந்நீரைச் சொம்பு சொம்பாக அடித்து ஊற்றுவார்கள். உடம்பு வலிக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் தையல் உள்ள அடிவயிற்றில் சூடான நீரை வேகமாக ஊற்றக் கூடாது. தையலைச் சுற்றியுள்ள தோலில் பல வாரத்துக்கு உணர்ச்சி மரத்திருக்கும். சூடு எவ்வளவு என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது, தோல் வெந்துபோகும். முதுகுக்கும் இடுப்புக்கும் தாங்குகிற சூட்டில் ஊற்றிக்கொள்ளலாம். வயிற்றுக்கு வெதுவெதுப்பு மட்டும். அதுவும் நெடுநேரம் வேண்டாம், தலைசுற்றி விழுந்தால் பெரிய வம்பு. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

வயிறு கட்டுவதை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பழைய நூல்சேலையை அகலமாக மடித்து, இடுப்பிலிருந்து விலாவுக்குக் கீழ் வரை சுற்றினால் எழுந்து நடக்கும்போது பிடிமானமாக இருக்கும், வலி குறையும். மருந்துக்கடை பெல்ட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கட்டுங்கள். தையல் மேல் சுத்தமான துணி இருக்க வேண்டும். உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூச்சு முட்டக் கூடாது. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அவிழ்த்துவிட வேண்டும். வியர்வையில் நனைந்தால் மாற்ற வேண்டும். கட்டாவிட்டால் வயிறு தொங்கிப்போகும் என்று பயமுறுத்துவதில் உண்மை இல்லை. கர்ப்பப்பை தானாகவே ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். தசை இறுகுவது பிற்பாடு செய்கிற பயிற்சியால். அதனால் ஒரு பெண்ணுக்குக் கட்டு ஒத்துவரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள்.

எண்ணெய் தேய்த்துவிட வருகிற அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கை, கால், முதுகு, தலை சரி. வயிற்றைத் தொடக் கூடாது, அமுக்கக் கூடாது. பிடித்துவிட்டால் அழுக்கு ரத்தம் வெளியேறும் என்று வயிற்றை அமுக்குவது தையல் போட்ட கர்ப்பப்பைக்கு ஆபத்து. சாம்பிராணி போடுவதாக இருந்தால் கதவைத் திறந்துவைத்து, பிள்ளையை வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டு, தலைமுடிக்கு மட்டும் சிறிது நேரம் காட்டுங்கள். மூடிய அறையில் கங்குத் தட்டை வைத்துவிட்டுப் போவது தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. புகையில் இருமினால் தையலும்தான் நோகும்.

பத்தியம்

பருப்பு தின்றால் புண்ணில் சீழ் கோத்துக்கொள்ளும், கீரை தின்றால் பிள்ளைக்கு வயிற்றால் போகும், தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், தயிர் குளிர்ச்சி, பழம் ஜலதோஷம். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் அந்தப் பெண்ணின் தட்டில் மிஞ்சுவது சோறும் மிளகுக் குழம்பும்தான். மற்ற எதிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தையல் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும். புது சதை புரதத்தால்தான் உண்டாகிறது. சீழ் வைப்பது கிருமியால், பருப்பால் இல்லை. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். முக்கினால் தையலில் இழுவை விழும். பால் கொடுக்கிறவளுக்குத் தாகமும் அதிகம், கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுங்கள்.

நம் சமையலிலேயே பிள்ளை பெற்றவளுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. கோழி ரசம், சுறாப்புட்டு, வெள்ளைப்பூண்டுக் குழம்பு, முட்டை, முருங்கைக்கீரை, பாசிப்பருப்புக் கூட்டு, வெண்டைக்காய் மண்டி, உளுந்தங்களி, கும்மாயம் எல்லாம் கொடுக்கலாம். காரத்தைக் கொஞ்சம் குறைத்தால் வயிற்றுக்கு நல்லது. கொய்யாவும் நெல்லிக்காயும் வைட்டமின் சி தரும். அது புண் ஆறவும் வேண்டும், இரும்புச்சத்து உடம்பில் சேரவும் வேண்டும். சைவ வீட்டில் பால், தயிர், சுண்டல், பருப்பு, நிலக்கடலை என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். பிரசவ லேகியம் கொடுப்பதானால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரசவ காலத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்குப் புண் கெடும் வாய்ப்பு அதிகம். அவர்கள் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை மறக்க வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரையை 180 நாளைக்கும், கால்சியம் மாத்திரையை ஆறு மாதத்துக்கும் சாப்பிடச் சொல்லி அரசே கொடுக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள், காப்பி டீயோடும் வேண்டாம்.

தூக்குவதும் பால் கொடுப்பதும்

ஆறு வாரம் வரை உங்கள் பிள்ளையைவிட கனமான எதையும் தூக்காதீர்கள். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகத் தெரியும். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் ஏறக்குறைய 15 கிலோ. கேஸ் சிலிண்டரில் வாயு மட்டுமே 14.2 கிலோ. கிணற்றில் இறைப்பது, ஈரத்துணி வாளியைத் தூக்குவது, குனிந்து வளவு கூட்டுவது, அம்மியில் அரைப்பது எல்லாம் காத்திருக்கலாம். முதல் பிள்ளை ஓடி வந்து தூக்கச் சொல்லி அழும். நீங்கள் உட்கார்ந்துகொண்டு, அதைப் பக்கத்தில் ஏறி உட்காரச் சொல்லுங்கள். மாடிப்படி ஏறலாம், மெதுவாக, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை.

பால் கொடுக்கும்போது மடியில் தலையணை வைத்து அதன்மேல் பிள்ளையைப் போட்டால் தையலில் பிள்ளையின் எடை விழாது, காலால் உதைக்கவும் முடியாது. இன்னொரு முறை, பிள்ளையின் உடம்பை உங்கள் அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் வைத்து, கால் பின்பக்கம் நீட்டியிருக்கும்படி பிடிப்பது. ராத்திரியில் ஒருக்களித்துப் படுத்தே கொடுக்கலாம், தூக்கம் வந்தால் பிள்ளையைத் தொட்டிலுக்கு மாற்ற ஒருவர் இருக்க வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போவது. தையலில் வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடுவது. சீழ், துர்நாற்றம், அல்லது கட்டு நனைகிற அளவுக்கு நீர் வடிவது. தையல் ஒரு விரல் அளவுக்காவது வாய் பிளப்பது. சிவப்பு பரவுவது என்று புத்தகங்களில் போட்டிருக்கும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அது சிவப்பாகத் தெரியாது. சுற்றுத் தோல் கருத்து, ஊதா ஓடி, மினுமினுப்பாக வீங்கியிருக்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள், மற்ற இடத்தைவிடச் சுடும்.

இவை தையலோடு நிற்பவை. இன்னும் அவசரமானவை உண்டு: ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவுக்கு உதிரம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கண் மங்கலோடு கடுமையான தலைவலி, வலிப்பு. இவை பிரசவமாகி ஆறு வாரம் வரைகூட வரலாம். 108-ஐக் கூப்பிடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 104-ல் கேட்கலாம். வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் பிள்ளையின் எடையை மட்டும் பார்க்கவிட்டு அனுப்பாமல், தையலையும் காட்டுங்கள்.

காய்ச்சல் வந்தால் ‘பால் கட்டியதாக இருக்கும்’ என்று வீட்டிலேயே முடிவு கட்டுகிறார்கள். பால் கட்டியும் வரும்தான். ஆனால் தையல் போட்ட உடம்பில் வருகிற காய்ச்சல் எதனால் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆறு வாரத்துக்குப் பிறகு தழும்பு

மருத்துவர் பார்த்து, எல்லாம் மூடிவிட்டது, பொருக்கு இல்லை, ஈரம் இல்லை என்று சொன்ன பிறகு தழும்பைத் தடவிக்கொடுக்கத் தொடங்கலாம். உள் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகாமல் இருக்க இது உதவும்.

முதல் ஒரு வாரம் தழும்பைத் தொடாமல், அதற்கு மேலும் கீழும் உள்ள வயிற்றை உள்ளங்கையால் வட்டமாகத் தடவுங்கள். பலருக்கு அந்த இடத்தைத் தொடவே மனம் வராது, பார்க்கவும் பிடிக்காது. அது இயல்பு, அவசரம் ஒன்றுமில்லை. மெல்லிய துணியால் தொட்டுப் பழகுவதும் தொடக்கம்தான். பிறகு இரண்டு விரலைத் தழும்பின் மேல் வைத்து, விரல் தோலில் வழுக்காமல் தோலோடு சேர்ந்து நகரும்படி மேலும் கீழும், பக்கவாட்டில், வட்டமாக அசையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம். இழுவை தெரியலாம், வலிக்கக் கூடாது. தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு போதும். விலை கூடிய வைட்டமின் ஈ எண்ணெய் அதைவிட நன்றாக வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

தழும்பு முதல் சில மாதம் கருஞ்சிவப்பாக, தடித்து, அரிப்போடு இருக்கும். மெல்ல மெல்ல நிறம் மங்கித் தட்டையாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். மரத்துப்போன இடத்தில் உணர்ச்சி திரும்பவும் மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஒரு சிறு பகுதி மரத்தே இருந்துவிடும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் தழும்பு கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் வளர்ந்து மேடிட்டால் அது கெலாய்டு. நம் நிறத்துத் தோலில் இது அதிகம். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ ஏற்கெனவே உங்களுக்கு அப்படி மேடு இருந்தால், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தையல் மூடியதும் சிலிக்கான் ஜெல்லோ ஒட்டுப்பட்டையோ தொடங்கச் சொல்வார்கள். அதை ஒரு நாளில் குறைந்தது 12 மணி நேரம் வீதம் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். நாலு நாள் போட்டுவிட்டு நிறுத்தினால் பலன் இல்லை. வளர்ந்துவிட்ட கெலாய்டுக்குத் தோல் மருத்துவர் ஊசி போடுவார்.

பின்னால் கவனிக்க வேண்டியவை

மாதவிலக்கு திரும்பிய பிறகு, ஒவ்வொரு மாதமும் அந்த நாட்களில் மட்டும் தழும்பில் ஒரு கட்டி வீங்கி வலித்தால், கர்ப்பப்பையின் உட்சவ்வு தழும்பில் ஒட்டி வளர்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இருமும்போது தழும்புப் பக்கம் புடைத்து, படுத்தால் உள்ளே போனால் குடலிறக்கமாக இருக்கலாம். இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள், வருஷக்கணக்கில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விடுவதும் தழும்பைக் காப்பதில் சேர்ந்ததுதான். பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவில் இரண்டு வருடம் விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பப்பைத் தழும்புக்குப் பலம் சேர அந்தக் காலம் வேண்டும். ஆறாவது வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகும்போதே கருத்தடை பற்றிக் கணவரும் உடன் இருந்து பேசிவிடுங்கள். கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனத்தைச் சிசேரியன் செய்தபோதே வைத்திருக்கவும்கூடும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாம்பத்தியத்தை, உதிரம் நின்று, வலி நின்று, அந்தப் பெண் தயார் என்று சொல்லும்போது தொடங்கலாம். யாருடைய அவசரத்துக்காகவும் இல்லை.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் பத்திரமாக வையுங்கள். கர்ப்பப்பையில் வெட்டு குறுக்காகப் போட்டதா, நெடுக்காகவா, எதனால் சிசேரியன் ஆனது என்பது அதில்தான் இருக்கும். வெளித்தழும்பைப் பார்த்து உள்வெட்டைச் சொல்ல முடியாது. அடுத்த தடவை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று மருத்துவர் முடிவு செய்வதற்கு முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். பிறந்த வீட்டில் ஒரு நகல், புகுந்த வீட்டில் ஒரு நகல், போனில் ஒரு படம் இருக்கட்டும்.